பசை

அதிகாலை மூன்றரைக்குக் காசிமேட்டில்
ஏலக்காரர் குரல் யாருக்கும் கேட்கும்.
எட்டு நூறு, எட்டு நூறு, எட்டம்பது,
சங்கராப் பெட்டியைத் தாண்டிப் பறந்து
எதிரே நிற்கும் வியாபாரியின் புருவத்தில் போய் விழும்.
புருவம் அசைந்தால் ஒன்பது.

இரண்டு நியூரான்கள் பேசிக்கொள்வதும்
ஏறக்குறைய இப்படித்தான்.
நடுவே ஒரு சின்ன இடைவெளி,
ஒன்று வீசும், ஒன்று பிடிக்கும்.
படிக்கிற காலத்தில் எனக்கும்
அந்த இருவரைத்தான் வரைந்து காட்டினார்கள்.
சுற்றிலும் வெள்ளைத்தாள்.

அந்த வெள்ளைத்தாளில் நிற்கிறாள் விண்ணரசி.
ஏற்றிச் செருகிய நைட்டி, மேலே ஆண்சட்டை,
தோளில் நீல ரப்பர் குழாய்.
தரை கழுவுகிறவள்.
கூலிக் கணக்கில் அவள் வருவது
'இதர' என்ற வரியில்.

பத்தொன்பது வருடமாக நான்
ராயபுரத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில்
மூளைத் துணுக்குகளை மெழுகில் பதித்துச் சீவுகிறேன்.
சாயமேற்றிக் கண்ணாடியில் வைத்தால்
நியூரான்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்.
இடுக்குகளில், நட்சத்திரம் மாதிரி
எல்லாப் பக்கமும் கை நீட்டியபடி, கிளியா.
பெயர் வைத்தவர்கள் பசை என்ற பொருளில் வைத்தார்களாம்.
ஒட்டிப் பிடித்து வைக்கிற கோந்து, அவ்வளவுதான்.
எங்கள் பக்கம் பசையுள்ள ஆள் என்றால்
கையில் காசு புரள்பவர்.
விண்ணரசியிடம் அதுவும் கிடையாது.

போன ஆடியில் மூன்று நாள் அவள் வரவில்லை.
சின்னவனுக்கு டெங்கு.
முதல் நாள் செதில்,
இரண்டாம் நாள் செதிலின் மேல் குடல்,
மூன்றாம் நாள் கானாங்கெளுத்தி ரத்தத்தில்
வழுக்கி விழுந்தார் வியாபாரி தீனதயாளன்.
விழுந்தது கூடப் பரவாயில்லை.
ஏலமே கலங்கிப்போனது.
போன பெட்டிக்குக் கேட்ட விலை
தரையோடு கிடந்து
அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டது.
எல்லோரும் ஒரே நேரத்தில் கத்த
வஞ்சிரம் சூரை விலைக்குப் போனது.
வலிப்பு வந்த மூளையை
மைக்ரோஸ்கோப் இல்லாமல் அன்றுதான் பார்த்தேன்.

பேசி முடித்ததும் இடைவெளியில் மிஞ்சுவதை
உறிஞ்சி எடுத்தால்தானே
அடுத்த பேச்சு காதில் விழும்?
உறிஞ்சுவது யார் என்று
அந்தப் படத்தில் இல்லை.

அப்போதும், கழுவுவது மட்டும்தான் என்று
நினைத்திருந்தேன் பாருங்கள்.

நாலாம் நாள் திரும்பி வந்தாள்.
விலை மடமடவென ஏறும் நேரம் பார்த்து,
யாரும் சொல்லாமலே, குழாயைத் திருப்பினாள்.
"நவுரு, நவுரு, தண்ணி வருது."
எல்லோரும் காலைத் தூக்கி ஓரடி பின்வாங்க
ஏலக்காரரும் ஒரு மூச்சு வாய் மூடினார்.
அந்த ஒரு மூச்சுக்குள்
ஓரமாய் நின்ற கூடைக்காரி பவுனம்மா,
என்றைக்கும் குரல் எழும்பாதவள்,
ஒன்பது என்றாள்.
கேட்டது.
பெட்டி அவளுக்கு.
விண்ணரசி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளியா பேசுவதும் மெதுவாகத்தான்.
கால்சியம் எழுந்து, ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்கு
துறைமுகக் கல்லை நனைக்கிற அலை மாதிரி போகும்,
நொடிக்கணக்கில்.
நியூரானுக்கு அது ஒரு யுகம்.
யார் குரல் எடுபடும், யார் குரல் அமுங்கும்
என்பதில் அந்த அலைக்கும் கை உண்டு.

எங்கள் ரிப்போர்ட்டில் இதற்குக் கட்டம் கிடையாது.
கிளியா என்று நான் எழுதுவது
அது கட்டியாகப் பெருகிய நாளில்.
மற்ற நாளெல்லாம் 'குறிப்பிடும்படி ஏதுமில்லை.'

இன்றைக்குக் கால் கிலோ நெத்திலியோடு நின்றேன்.
"இன்னா மேடம், நேத்து மூளைல இன்னா பாத்த?"
தண்ணி ஊத்துறவங்களை, என்றேன்.

குழாயைக் காலால் மிதித்து நிறுத்திவிட்டுக் கேட்டாள்:
"அவுங்களுக்கு எவ்ளோ கூலி?"